7ஆம் கட்டடம்: சதி வீடியோவைச் சோதிப்பது எப்படி?

நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 47 மாடி கொண்ட 7ஆம் கட்டடம் 2001 செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து எரிந்து, மாலை 5.20 அளவில் சரிந்தது. அதில் விமானம் மோதவில்லை; அதனால் 'வெடிவைத்தார்கள்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அப்படியொரு வீடியோ வந்தால், அது எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். முழுப் பதிவில், மொட்டைமாடியின் கிழக்குப் பக்கக் கூடம் முதலில் உள்ளே அமிழும்; வெளிச்சுவர் இறங்குவது சுமார் 7 விநாடி கழித்துத்தான். அந்த 7 விநாடியை வெட்டிவிட்டால் கட்டடம் ஒரே நொடியில் விழுந்ததாகத் தோன்றும்.

பிறகு ஒலியைக் கூட்டுங்கள். பெரிய தூணை அறுக்கும் வெடி அரை மைல் தள்ளியும் 130 டெசிபெல் அளவுக்கு, காதைப் பிளக்கக் கேட்கும்; அப்படியொரு சத்தம் பதிவில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

"எஃகு உருக 1,500 டிகிரி வேண்டுமே?" உருகவே வேண்டாம். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரிக்கு 1.2 மி.மீ. நீளும். 16 மீட்டர் உத்தரம் தீயில் 400 டிகிரி சூடேறினால் நீட்சி 7 செ.மீ.க்கு மேல் வரும். 13ஆம் மாடியில் இந்த நீட்சிதான் முதன்மை உத்தரத்தைத் தாங்கியிலிருந்து தள்ளி, கட்டடத்தின் 79ஆம் எண் தூணைப் பிடிப்பில்லாமல் வளையவிட்டது என்கிறது, சரிவை ஆராய்ந்த அமெரிக்க அரசு நிறுவனமான என்ஐஎஸ்டியின் 2008 அறிக்கை. குழாய் உடைந்ததால் கீழ்மாடிகளில் தீயணைக்கும் தெளிப்பான்களுக்குத் தண்ணீரும் இல்லை.

வெடிவைத்தார்கள் என்பவர்கள் சான்றாகக் காட்டும் 2.25 விநாடி தடையற்ற வீழ்ச்சி இருந்தது உண்மை, மறுக்காதீர்கள். வெளித்தூண்கள் ஏறத்தாழ 8 மாடி உயரத்துக்கு மடங்கிவிட்டதால், அந்த நேரத்தில் தாங்க எதுவும் இல்லை.