பீஃப் காய்கறி ஸ்டிர் ஃப்ரை: கறி மெத்தென்று, காய் நறுக்கென்று

நல்ல சைனீஸ் கடையில் சாப்பிடும் பீஃப் ஸ்டிர் ஃப்ரையில் கறி மெல்லியதாக, மெத்தென்று, சாஸ் பளபளவென்று ஒட்டியிருக்கும். அதே சாமான்களை வாங்கி வந்து வீட்டில் செய்தால் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி கறியும், தண்ணீரில் மிதக்கும் குடைமிளகாயும்தான். இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரால் வருவது. கறியின் ஈரம் கறிக்குள்ளேயே நிற்க வேண்டும், கடாயில் ஈரம் தேங்கவே கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

இங்கே சொல்வது தென் சீனாவின் குவாங்டாங் பக்கத்து வீட்டுச் சமையல் முறை. அங்கே கைலான் என்ற தண்டுக்கீரையோடு செய்வார்கள். அமெரிக்காவில் குடியேறிய சீனர்கள் அதற்குப் பதிலாக ப்ரோக்கோலியைப் போட ஆரம்பித்தார்கள், அதுவே உலகமெங்கும் பரவிவிட்டது. நாமும் ப்ரோக்கோலியையே எடுத்துக்கொள்வோம். அளவு 3 பேருக்கு, சோற்றோடு சாப்பிட. தயாரிப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அதில் பாதிக்கு மேல் சும்மா காத்திருக்கிற நேரம். அடுப்பு வேலை 10 நிமிடம்.

தேவையானவை

கறிக்கு:
- எலும்பில்லாத மாட்டுக்கறி, முழுத் துண்டாக: 400 கிராம்
- ஆப்ப சோடா: ½ டீஸ்பூன்
- லைட் சோயா சாஸ்: 1 டேபிள்ஸ்பூன்
- கார்ன்ஃப்ளார்: 2 டீஸ்பூன்
- மிளகுத்தூள்: ¼ டீஸ்பூன்
- எண்ணெய்: 2 டீஸ்பூன்

சாஸுக்கு:
- ஆய்ஸ்டர் சாஸ்: 1½ டேபிள்ஸ்பூன்
- லைட் சோயா சாஸ்: 2 டீஸ்பூன்
- டார்க் சோயா சாஸ்: 1 டீஸ்பூன் (நிறத்துக்கு)
- சர்க்கரை: 1 டீஸ்பூன்
- கார்ன்ஃப்ளார்: 1½ டீஸ்பூன்
- தண்ணீர்: 80 மில்லி

காய்கள், மற்றவை:
- ப்ரோக்கோலி 200 கிராம், கேரட் 1, குடைமிளகாய் 1, பெரிய வெங்காயம் 1, வெங்காயத்தாள் 2
- பூண்டு 4 பல், இஞ்சி ஒரு அங்குலத் துண்டு, விருப்பப்பட்டால் காய்ந்த மிளகாய் 2
- தாளிக்க எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், வறுத்த எள் எண்ணெய் 1 டீஸ்பூன்

உப்பு பட்டியலில் விட்டுப்போகவில்லை. மூன்று சாஸிலும் இருக்கும் உப்பே போதும்.

கடையில் என்ன கேட்பது

மெல்லிய துண்டு இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அதனால் நார்த்தசை அதிகமில்லாத பாகம்தான் இதற்குச் சரிப்படும். அண்டர்கட் (முதுகெலும்புக்கு உள்பக்கத்துக் கறி) கிடைத்தால் அதுதான் மிக மிருது, விலையும் அதிகம். தொடையிலோ முதுகிலோ எடுத்த கொழுப்பில்லாத கறியே தாராளமாகப் போதும், சோடா அதைச் சரிசெய்துவிடும். கால்கறி, நெஞ்சுக்கறி வேண்டாம். அவற்றில் இருக்கும் இணைப்புத் திசு இளக மணிக்கணக்கில் வேக வேண்டும். குழம்புக்கு அவை அருமை, இதற்கு ஆகாது.

கடைக்காரர் பழக்கத்தில் கத்தியை எடுத்து குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார். "வெட்டாம, ஒரே பீஸா கொடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சதுரத் துண்டுகளாகிவிட்ட கறியை இழைக்குக் குறுக்கே சீவுவது சிரமம். இன்னொன்று: அன்று காலை அறுத்த கறியை அன்றே சமைத்தால் விறைப்பாகவே இருக்கும். அறுத்த பிறகு தசை இறுகி, பிறகுதான் மெல்லத் தளரும். நன்றாக மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுநாள் செய்தால் வித்தியாசம் தெரியும். எருமைக்கறிக்கும் இதே முறைதான், துண்டை மட்டும் இன்னும் மெல்லியதாகப் போடுங்கள்.

படி 1: கறியைச் சீவுவது

இந்தச் சமையலில் பாதி வெற்றி கத்தியில் இருக்கிறது. கறியை 40 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறையக் கூடாது, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதம் போதும். அப்போதுதான் கத்திக்கு அடியில் வழுக்காமல் நிற்கும்.

இப்போது கறியின் மேற்பரப்பை உற்றுப் பாருங்கள். நூல் நூலாகக் கோடுகள் ஒரே திசையில் ஓடும், அதுதான் இழை. அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே, 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும். நீளம் 5 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். குறுக்கே சீவும்போது ஒவ்வொரு இழையும் 3 மில்லிமீட்டருக்கு அறுந்துவிடுகிறது, பல்லுக்கு வேலை குறைகிறது. இழையோடு சேர்த்துச் சீவினால் 5 சென்டிமீட்டர் இழை அப்படியே நிற்கும், எவ்வளவு சோடா போட்டாலும் இழுக்கும்.

சரியாகத்தான் சீவுகிறோமா என்று சந்தேகமா? முதல் துண்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். அங்கங்கே விரிசல் விட்டுப் பிரிந்தால் சரி. கயிறு போல நீண்டு, விட மறுத்தால் கறியைக் கால் வட்டம் திருப்பி வைத்துச் சீவுங்கள். தொடைக்கறியில் இழையின் திசை நடுவில் மாறும், ஆகவே இடையிடையே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 2: சோடாவும் ஊறலும்

சீவிய கறியில் ½ டீஸ்பூன் ஆப்ப சோடாவும் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்த்துப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். சோடா காரத்தன்மை உள்ளது. கறியின் மேற்பரப்பில் காரத்தன்மை ஏறினால், சூட்டில் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது. கறி ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. பேக்கிங் பவுடர் இதற்கு மாற்று ஆகாது. அண்டர்கட்டாக இருந்தால் இந்தப் படியே தேவையில்லை, நேராக ஊறலுக்குப் போகலாம்.

20 நிமிடம் ஆனதும் இரண்டு தண்ணீரில் அலசி, கையால் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். அலசாமல் விட்டால் சோப்பு வாடை வரும். ஒற்றாமல் விட்டால் அந்தத் தண்ணீர் முழுக்கக் கடாய்க்குள் போகும்.

பிறகு சோயா சாஸ், மிளகுத்தூள், கார்ன்ஃப்ளார் மூன்றையும் சேர்த்து, திரவம் முழுக்கக் கறிக்குள் இழுக்கும்வரை ஒரு நிமிடம் கையால் பிசையுங்கள். பாத்திரத்தின் அடியில் சாஸ் தேங்கி நிற்கக் கூடாது. ஷாவோசிங் அரிசி ஒயின் வைத்திருப்பவர்கள் 2 டீஸ்பூன் இப்போதே சேர்க்கலாம். 2 டீஸ்பூன் எண்ணெயைக் கடைசியில் ஊற்றிப் புரட்டுங்கள். முதலிலேயே ஊற்றினால் கறி சோயாவை இழுக்காது. கடைசியில் ஊற்றினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கடாயில் உதிரியாக விழும். 20 நிமிடம் மூடி வையுங்கள்.

கார்ன்ஃப்ளார் என்றால் விரலில் தேய்த்தால் கறகறவென்று வழுக்கும் வெள்ளை மாவு. மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேறு, அது சாஸைக் கூழாக்கிவிடும்.

படி 3: சாஸும் காய்களும்

சாஸ் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள். 1888-ல் குவாங்டாங்கில் லீ கும் ஷெங் என்பவர் சிப்பிச்சாற்றைச் சுண்டவைத்து உருவாக்கியதுதான் ஆய்ஸ்டர் சாஸ். வாங்கும்போது புட்டியின் பின்பக்கம் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் சிப்பிச்சாறு முன்னால் வருகிறதா, சர்க்கரையும் தண்ணீரும் முந்துகின்றனவா என்பதில் ருசி நிறைய மாறும். புட்டிக்குப் புட்டி உப்பும் மாறுவதால், கலந்த சாஸை நுனிவிரலில் தொட்டு ருசி பாருங்கள். சற்றே தூக்கலாக இருப்பதுதான் சரி, காயும் சோறும் சேரும்போது இறங்கிவிடும்.

ப்ரோக்கோலியைக் கடிக்கும் அளவுப் பூக்களாகப் பிரியுங்கள். தண்டைத் தோல் சீவி மெல்லிய வில்லைகளாகப் போடுங்கள், எறிந்துவிடாதீர்கள், அதில்தான் இனிப்பு. கேரட்டைச் சாய்வாக 3 மில்லிமீட்டர் வில்லையாகவும், குடைமிளகாயையும் வெங்காயத்தையும் 3 சென்டிமீட்டர் சதுரமாகவும், இஞ்சி பூண்டைப் பொடியாகவும் நறுக்குங்கள். விழுது வேண்டாம், அது ஈரமாக இருப்பதால் அடிப்பிடித்துக் கசக்கும்.

கொதிக்கும் தண்ணீரில் கேரட்டைப் போட்டு 15 விநாடி கழித்து ப்ரோக்கோலியையும் சேருங்கள். மேலும் 45 விநாடியில் வடித்துவிடுங்கள். ப்ரோக்கோலிப் பூவின் மொட்டுகளுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். துணியின் மேல் பூவைத் தலைகீழாகக் கவிழ்த்து 5 நிமிடம் வைத்தால் துணியில் வட்ட வட்டமாக ஈரம் படிவதைப் பார்க்கலாம். அத்தனையும் சாஸை நீர்க்கச் செய்திருக்கும் தண்ணீர்.

படி 4: அடுப்பில்

உணவகத்தின் அடுப்பு நம் வீட்டு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு சூடு தரும். நம்மால் அந்தச் சூட்டைக் கூட்ட முடியாது, கறியின் அளவைக் குறைக்க முடியும். அதனால் 400 கிராமை இரண்டு தடவையாகப் போடுகிறோம். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கடாயின் சூடு சட்டென்று இறங்கி, கறி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வர 140 டிகிரியாவது வேண்டும்.

கார்பன் ஸ்டீல் வாணலியோ கனமான இரும்புக் கடாயோ எடுங்கள். இண்டக்ஷன் அடுப்பென்றால் அடி தட்டையாக இருக்க வேண்டும். நான்ஸ்டிக்கை வெறுமனே புகையும்வரை காயவிடக் கூடாது. 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். எண்ணெய், ரீஃபைண்ட் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி. செக்கு எண்ணெய்கள் இந்தச் சூட்டுக்கு முன்பே புகைந்து காறல் அடிக்கும்.

பெரிய பர்னரில் தீயை முழுதாக வைத்து, கடாய் லேசாகப் புகை விட்டதும் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயை ஊற்றிச் சுழற்றுங்கள். பாதிக் கறியைப் போட்டு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். 45 விநாடி தொடாதீர்கள். இது ஆரம்பகாலத்தில் கஷ்டமாகத்தான் இருக்கும், கை தானாகக் கரண்டிக்குப் போகும். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் சிவக்காது. அடிப்பக்கம் பழுப்பானதும் புரட்டி இன்னும் 30 விநாடி, அங்கங்கே சற்று இளஞ்சிவப்பு இருக்கும்போதே தட்டில் எடுங்கள். மீதி வேக்காடு சாஸில் நடக்கும். இரண்டாவது பாதியையும் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் இப்படியே செய்யுங்கள்.

காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். சர்ரென்ற சத்தம் விடாமல் வர வேண்டும். அது அடங்கி, தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டால் தண்ணீர் விட்டுவிட்டது என்று பொருள். உடனே கறியைத் தட்டில் எடுத்து, கடாயில் உள்ள நீரைச் சாஸ் கிண்ணத்தில் ஊற்றி, கடாயைத் துடைத்து மறுபடி காயவைத்துத் தொடருங்கள்.

அடுத்து மீதி எண்ணெயில் காய்ந்த மிளகாய், வெங்காயம் போட்டு 1 நிமிடம், குடைமிளகாய் போட்டு 1 நிமிடம். காய்களை ஓரமாக ஒதுக்கி, நடுவில் இஞ்சி பூண்டைப் போட்டு 15 விநாடி மட்டும் வதக்குங்கள். நம் வழக்கப்படி முதலிலேயே பூண்டைத் தாளித்தால் இந்தத் தீயில் கருகிவிடும். ப்ரோக்கோலி, கேரட்டைச் சேர்த்து 1 நிமிடம் புரட்டி, கறியையும் தட்டில் இறங்கிய சாற்றையும் போடுங்கள்.

சாஸ் கிண்ணத்தின் அடியில் கார்ன்ஃப்ளார் படிந்திருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு, கடாயின் ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். முதலில் பால் போல மங்கலாக இருக்கும். கொதி வந்து 30 விநாடியில் தெளிந்து பளபளப்பாகும். அதுதான் இறக்கும் பதம். அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயத்தாளும் எள் எண்ணெயும் சேருங்கள். இது வறுத்த எள்ளில் எடுத்த, கரும்பழுப்பான சீன எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த மணம் இருக்காது, ஆகவே சீன எண்ணெய் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அல்லது 1 டீஸ்பூன் எள்ளை வறுத்து நுணுக்கித் தூவுங்கள்.

சரியாக வராவிட்டால்

கறி மெல்ல முடியவில்லையென்றால் இழையோடு சீவியிருப்பீர்கள், அல்லது தட்டில் எடுக்கும் முன்பே முழுதாக வெந்திருக்கும். சாஸ் கட்டி கட்டியாக இருந்தால் கிண்ணத்தைக் கலக்காமல் ஊற்றியிருப்பீர்கள். முதலில் கெட்டியாகி, தட்டில் நீர்த்துப்போனால் காய்களின் ஈரம் வடியவில்லை. உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு கைப்பிடி வேகவைத்த ப்ரோக்கோலியோ பீன்ஸோ சேர்த்து, அரை டீஸ்பூன் சர்க்கரை தூவிப் புரட்டினால் சமாளிக்கலாம்.

காய்களை மாற்றலாம். பீன்ஸ், பேபி கார்ன் இரண்டையும் கேரட்டைப் போலவே வேகவைத்து வடியுங்கள். காளான் நிறைய நீர் விடும். அதைத் தனியாக வதக்கி, ஈரம் வற்றிய பிறகே கலக்க வேண்டும். முளைகட்டிய பயறு என்றால் சாஸுக்குச் சற்று முன்னால் போட்டால் போதும்.

சுடச்சுட வடித்த சோற்றின் மேல் உடனே பரிமாறுங்கள், நின்றால் காய் துவளும். மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். 6 பேருக்குச் செய்வதானால் தயாரிப்பை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். அடுப்பில் படி 4-ஐ இரண்டு தடவை முழுதாகச் செய்யுங்கள்.