முழு சூரிய கிரகணம்: ஊர்ப் பெயரை நம்பி இடம் பிடிக்காதீர்கள்

"இங்கேயே 99 சதவீதம் மறையுமாம், அது போதாதா?" கிரகணம் நெருங்கும்போதெல்லாம் காதில் விழும் கேள்வி இது. போதாது. சூரியனில் ஒரு சதவீதம் மிச்சமிருந்தாலும் அதன் வெளிச்சம் ஆயிரம் பௌர்ணமி நிலவுகளுக்கு மேல். முழு கிரகணத்தில் மட்டும் தெரியும் கொரோனா, அதாவது சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டம், மொத்தமாகச் சேர்த்தாலே ஏறக்குறைய ஒரு பௌர்ணமி நிலவின் பிரகாசம்தான். அந்த மிச்ச வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அது எப்படிக் கண்ணில் படும்? 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தின் பாதை (நிலவின் நிழல் தரையில் கடந்துபோகும் பட்டை, இதற்குள் நின்றால்தான் முழு கிரகணம்) ஸ்பெயினைக் குறுக்கே கடக்கிறது; மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் பாதைக்குச் சற்று வெளியே. 99 சதவீதத்துக்கு மேல் மறைந்தும் அங்கே கொரோனா கிடையாது. ஊரிலேயே இருந்து பார்ப்பதா, கிளம்பிப் போவதா என்ற கேள்விக்கு முதலில் இதை வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

சரி, நகரம் பாதைக்குள் வருகிறது என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். அப்போதும் அவசரப்பட வேண்டாம். செய்திக்கு நகரம் ஒரு புள்ளி. நிழலுக்கு அது முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள நிலம். 2024 ஏப்ரல் 8 கிரகணத்தில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்தின் குறுக்கேதான் பாதையின் எல்லைக்கோடு போனது. வடமேற்குப் பகுதியில் இருந்தவர்களுக்கு முழு கிரகணம், நகர மையத்தில் நின்றவர்களுக்குப் பகுதி கிரகணம். கனடாவின் மான்ட்ரியலிலும் இதே கதை. அதனால் வரைபடத்தை நகரத்தின் பெயர் தெரியும் அளவோடு விடாமல், நீங்கள் நிற்கப்போகும் தெரு தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே கால் பதித்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். நிலவின் விளிம்பில் மலையும் பள்ளமும் இருப்பதால், உண்மையான எல்லை வரைந்த கோட்டிலிருந்து கொஞ்சம் விலகும். தவிர, அங்கே கிடைப்பதும் சில நொடிகள்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பாதையின் நட்டநடுவே ஓடும் மையக்கோட்டில்தான் நிற்பேன் என்று இருநூறு கிலோமீட்டர் ஓடுவது. இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். நிழலை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களைக் கடக்கும் நேரம், வட்டத்தின் எந்த இடம் உங்கள் மேல் போகிறது என்பதைப் பொறுத்தது. மையத்தில் 4 நிமிடம் என்றால், மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் நிற்பவருக்கும் ஏறக்குறைய 3 நிமிடம் 28 நொடி கிடைத்துவிடும். பாதையின் அரை அகலம் 90 கிலோமீட்டர் என்று வைத்தால், விளிம்பிலிருந்து வெறும் 9 கிலோமீட்டர் உள்ளே வந்தாலே ஒன்றே முக்கால் நிமிடம். ஆக, உள்ளே வரும் முதல் சில கிலோமீட்டர்தான் தங்கம். பக்கத்துப் புறநகர்வரை பேருந்தில் போனாலே போதுமான வேலைக்கு, மையக்கோடுவரை ஓடுவது என் கணக்கில் வீண் அலைச்சல்.

நகரத்தில் பலர் மறப்பது சூரியனின் உயரத்தை. அதே 2026 கிரகணத்தில், ஸ்பெயினின் வடமேற்கு முனையிலுள்ள ஆ கொருன்யாவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 12 டிகிரி. தீவு நகரமான பால்மாவில் 2 டிகிரி சொச்சம். பால்மாவில் சில நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், மேற்கே ஒரு மூன்று மாடி வீடு இருந்தால் கதை முடிந்தது. கையை நீட்டி மூடிய முஷ்டியைப் பிடித்தால் அது சுமார் 10 டிகிரி. இதை வைத்தே மரமும் கட்டடமும் மறைக்குமா என்று பார்த்துவிடலாம். கிரகணத்துக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் அங்கே போய் நிற்பது இன்னும் நல்லது. மாதக்கணக்கில் முன்பே பார்க்க வேண்டுமென்றால் ஒரு தந்திரம் உண்டு: ஆகஸ்ட் 12 சூரியன் போகும் வழியில்தான் ஏப்ரல் 30 சூரியனும் ஏறக்குறைய போகும். இரண்டும் ஜூன் 21க்கு 52 நாள் தள்ளி இருப்பவை. டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு "இங்கே நன்றாகத் தெரிகிறது" என்று வருவதில் அர்த்தமில்லை.

அப்புறம், தெருவிளக்கு. இருட்டினால் தானாக எரியும் விளக்குகள் கிரகணத்துக்கும் எரியும். வண்டி நிறுத்துமிடம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் சரியான நொடியில் தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தால் என்ன செய்வது? கம்பங்கள் இல்லாத பூங்காவோ, ஏற அனுமதி உள்ள மொட்டை மாடியோ மேல். மாடியிலிருந்து அடிவானம் முழுக்கச் சுற்றிலும் அந்தி நிறம் பரவுவதையும் பார்க்கலாம்.

மேகத்தை யாரும் கட்டிவைக்க முடியாது. 2009 ஜூலை 22 அன்று ஷாங்காயில் 5 நிமிட இருட்டு வந்தது, கூடவே மழையும். 2024இல் வானிலைப் பதிவுகளை நம்பிப் பலர் டெக்சாஸுக்குப் போனார்கள்; அங்கே பல இடங்களில் மேகம், மோசமாக இருக்கும் என்று நினைத்த வெர்மான்ட்டிலும் மெய்னிலும் தெளிந்த வானம். பெரிய மேகத் திரை வந்தால் நகரத்துக்குள் பேட்டை மாறி நிற்பதில் பயனில்லை. பாதையின் நீளவாக்கிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு இடத்தை முன்பே பார்த்து வைத்து, முந்தைய நாள் மாலை முன்னறிவிப்பைப் பார்த்து முடிவெடுங்கள். தாழ்வான சின்னச் சின்னப் பஞ்சு மேகம் மட்டும் என்றால் பொறுத்திருங்கள். வெயில் குறைந்து தரை குளிரும்போது அவை பல நேரம் கலைந்துவிடும். கடைசி ஒரு மணி நேரத்தில் காரை எடுப்பவர் கிரகணத்தை நெரிசலில் உட்கார்ந்துதான் பார்ப்பார். முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், அதற்கும் தண்ணீரோடு தயாராக இருங்கள்.

பாதையின் ஓரத்தில் நிற்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: கிரகணக் கண்ணாடியைக் கழற்றும் நேரம் உங்களுக்கு மிகக் குறைவு. பக்கத்து ஊரின் நேர அட்டவணையைப் பார்த்துக் கழற்றாதீர்கள். கண்ணாடி வழியே சூரியன் துளியும் தெரியாதபோது கழற்றி, முதல் ஒளிக்கீற்று எட்டிப் பார்த்ததும் மாட்டிக்கொள்ளுங்கள்.