10 எச்பி பம்ப்புக்கு விஎஃப்டி போடுவது எப்படி?

விஎஃப்டி என்பது ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ். முதலில் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். உதாரணத்துக்கு 7.5 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 14.5 ஆம்ப், 1440 ஆர்பிஎம், டெல்டா என்று வைத்துக்கொள்வோம். டிரைவை எச்பி பார்த்து வாங்காதீர்கள், ஆம்ப் பார்த்து வாங்குங்கள். நீர்மூழ்கி மோட்டார்கள் அதே எச்பிக்குக் கூடுதல் ஆம்ப் இழுக்கும்.

அடுத்து, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் டெர்மினல் பாக்ஸில் யு1-டபிள்யூ2, வி1-யு2, டபிள்யூ1-வி2 என்று பட்டை போட்டால் டெல்டா. மோட்டாரோடு கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். டிரைவின் அவுட்புட்டில் அது இருந்தால் ஓவர் கரண்ட் டிரிப் ஆகும், டிரைவின் உள்ளே இருக்கும் ஐஜிபிடி என்ற பவர் சுவிட்சே போகவும் கூடும்.

மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைப்பதானால் இப்போதே வையுங்கள். டிரைவில் ஒயர் மாட்டிய பிறகு வைத்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, டிரைவ்தான் சாகும்.

ஈபி சப்ளை ஆர், எஸ், டி முனைகளுக்கு. மோட்டார் யு, வி, டபிள்யூ முனைகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் சுவிட்ச் போட்டதும் கதை முடிந்தது. எர்த் கட்டாயம். சப்ளையை நிறுத்தினாலும் டிரைவின் உள்ளே டிசி மின்சாரம் தேங்கும் பகுதியில் (டிசி பஸ்) 580 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மூடியில் எழுதியிருக்கும் நிமிடக் கணக்கு முடியும்வரை கை வைக்காதீர்கள்.

நேம் பிளேட் எண்களை டிரைவின் பாராமீட்டரில் (செட்டிங்கில்) ஏற்றி, 5 ஹெர்ட்ஸில் ஒரு கணம் ஓட்டித் திசை பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் அவுட்புட்டில் இரண்டு ஒயரை மாற்றுங்கள். இன்புட்டில் எத்தனை முறை மாற்றினாலும் திசை மாறாது.

பலர் கோட்டைவிடுவது குறைந்தபட்ச ஹெர்ட்ஸில்தான். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும் என்பது, உயரத்துக்கு ஏற்றாமல் சுற்றிவரும் தண்ணீருக்குச் சரி. மேல்நிலைத் தொட்டிக்குக் கதை வேறு. வால்வு மூடிய நிலையில் பம்ப் 40 மீட்டர் அழுத்தம் தருகிறது, தொட்டி 25 மீட்டர் உயரம் என்றால், ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம்) வேகத்தின் வர்க்கத்தில் குறையும்: 38 ஹெர்ட்ஸில் கிடைப்பது 23 மீட்டர்தான். மோட்டார் ஓடும், தொட்டிக்குச் சொட்டு ஏறாது. உள்ளேயே சுழலும் தண்ணீர் சூடாகி கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலைக் கெடுக்கும். இந்தப் பம்ப்புக்கு 42 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். தொட்டி இதைவிட உயரமென்றால் மின்சார மிச்சமும் சொற்பம்தான்.

மோட்டார் வேகம் ஏறும் நேரம் 10 விநாடி, இறங்கும் நேரம் 20 விநாடி போதும். சட்டென்று நிறுத்தினால் பைப்பில் தண்ணீர் அடி விழும்.

பம்ப்புக்குப் பதில் பெரிய ஃபேனுக்கு டிரைவ் போட்டால், இறங்கும் நேரம் 60 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கனமான சக்கரம் சட்டென்று நிற்காது. அந்த ஆற்றல் டிரைவுக்கே திரும்பி ஓவர் வோல்டேஜ் டிரிப் வரும். காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனை ஸ்டார்ட் செய்யும்போது டிரிப் ஆனால், சுற்றும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யும் ஃப்ளையிங் ஸ்டார்ட் பாராமீட்டரை ஆன் செய்யுங்கள்.