பூப் பார்க்கப் போகிற நேரம்

நான் முதன்முதலில் டூலிப் பார்க்கப் போன அன்று ஒரு டூலிப் பூவைக்கூடப் பார்க்கவில்லை. வயல் முழுக்கப் பச்சைத் தண்டுகள், ஒன்றுக்கும் தலை இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட் போட்டு, விடுப்பு சொல்லி, பெட்டி கட்டி வந்திருந்தோம். அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது பூவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த என் மாமியார் வரப்போரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரும்மா இத்தனையையும் பறிச்சது?" என்று கேட்டார்.

பறித்தது வயல்காரரேதான். டூலிப் வயல்களில் விலை போவது பூ இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூ விரிந்து, நிறம் சரியா, நோய் இருக்கிறதா என்று பார்த்து முடித்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். செடி விதை கட்டுவதில் சத்தைச் செலவழிக்காமல் கிழங்கில் சேர்க்கட்டும் என்பதற்காக. நேற்று சிவப்பாகக் கிடந்த வயல் இன்று கீரைப் பாத்தி மாதிரி நிற்பது அதனால்தான்.

அதற்குப் பிறகு அத்தையும் நானும் நிறைய மலர்க் கண்காட்சிகள், தாவரவியல் பூங்காக்கள், இரவு ஒளிக்காட்சிகள் என்று சுற்றிவிட்டோம். அவருக்கு வயது 74, முழங்கால் வலி உண்டு, ஆனால் பெயர்ப்பலகை ஒன்றைக்கூட விடமாட்டார். அவரோடு போய் நான் கற்றதில் பெரும்பகுதி நேரத்தைப் பற்றியதுதான். எந்த வாரம், எந்த நாள், எத்தனை மணி. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

எந்த வாரம்

முதலில், போகிற இடம் எந்த வகை என்று பாருங்கள். மண்ணில் நட்ட செடி அங்கேயே பூக்கிற இடமா, வேறெங்கோ பூத்ததைக் கொண்டுவந்து அடுக்குகிற இடமா? இரண்டுக்கும் கணக்கு வேறு.

அங்கேயே பூக்கிற இடம் என்றால் வானிலைதான் முதலாளி. நெதர்லாந்தின் லிஸ்ஸே ஊரில் உள்ள கியூகென்ஹாஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, ஏறக்குறைய எட்டு வாரம் மட்டுமே திறந்திருக்கும். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒரே குழியில் தாமதமாகப் பூப்பது அடியில், முந்திப் பூப்பது மேலே என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள். குரோக்கஸ் போய் டாஃபோடில், அது போய் டூலிப் என்று ஒரே பாத்தி ஆள் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே எப்போது போனாலும் ஏதோ ஒரு பூ இருக்கும். ஆனால் டூலிப்தான் வேண்டும் என்றால் ஏப்ரல் நடுவைச் சுற்றிப் போவது நல்லது. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் 2007-இல் திறந்த டூலிப் தோட்டத்துக்குச் சாளரம் இன்னும் சின்னது: மார்ச் கடைசியில் திறந்தால் ஏப்ரலோடு சரி.

தேதியை முன்கூட்டியே குறித்தே ஆகவேண்டும் என்கிற நிலை வந்தால், நான் பருவத்தின் நடுவுக்குச் சற்று முன்னால் உள்ள நாளைத்தான் எடுப்பேன். மொட்டாக இருந்தால் இரண்டு நாள் தங்கிக் காத்திருக்கலாம், உதிர்ந்ததை என்ன செய்வது? கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து அந்தத் தோட்டம் வெளியிடும் அன்றாடப் படங்களைப் பாருங்கள். படத்தில் தேதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போன வருடப் படத்தை இந்த வருடம் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சமவெளியில் பூ முடிந்துவிட்டது என்றால் மலை ஏறுங்கள். உயரம் கூடக்கூடக் குளிர் நீடிக்கும், அதே பூ அங்கே பின்னால் வரும். அந்தத் தலையில்லாத வயலிலிருந்து மேடான ஓர் ஊருக்கு வண்டி ஏறியிருந்தால் நாங்களும் பூப் பார்த்திருப்போம். அது அப்போது தோன்றவில்லை.

எந்த நாள்

கொண்டுவந்து அடுக்குகிற கண்காட்சியில் வாரம் தவறாது, நாள் தவறும். லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சி 1913-இலிருந்து மே மாதத்தில் நடக்கிறது. அந்த ஒரு வாரத்துக்காகச் செடி வளர்ப்பவர்கள் சிலதைக் குளிர் அறையில் வைத்து நிறுத்துவார்கள், சிலதைச் சூடு காட்டித் துரத்துவார்கள். வெளியே எந்தப் பருவமாக இருந்தாலும் உள்ளே எல்லாம் ஒரே நாளில் பூத்து நிற்கும். ஆரம்ப நாட்களில் போனால் இதழ் விறைப்பாக இருக்கும், கூட்டமும் அப்படியே இருக்கும். கடைசி நாளில் பூ களைத்திருக்கும், ஆனால் வேறொரு வேடிக்கை உண்டு. மாலை நான்கு மணிக்கு மணி அடித்ததும் காட்சிக்கு வைத்த செடிகளை விற்கத் தொடங்குவார்கள். ஆளுயரச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜனங்கள் ரயில் ஏறுவதைப் பார்க்கலாம். (இதே செல்சீயில் தோட்டத்துக் குள்ளர் பொம்மைகளுக்குத் தடை உண்டு. நூற்றாண்டுக்காக 2013-இல் தளர்த்தினார்கள். எனக்கு அந்தத் தடையில் முழு உடன்பாடு.)

பெங்களூர் லால்பாக்கில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டையும் ஒட்டி வருடத்துக்கு இருமுறை நடக்கும் கண்காட்சியில், பழைய கண்ணாடி மாளிகைக்குள் பறித்த பூக்களாலேயே பெரிய உருவங்கள் எழுப்புவார்கள். பறித்த பூவுக்கு ஆயுசு குறைவு. இடையில் மாற்றிச் சொருகினாலும் திறந்த முதல் இரண்டு மூன்று நாள் இருக்கிற பளிச்சு பிறகு வராது. அந்த மாதிரிக் காட்சிக்கு முதல் வாரத்து வேலைநாள் காலைதான் சரி. விடுமுறை நாளில் போனால் பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

எத்தனை மணி

இதில்தான் அத்தை கில்லாடி. கதவு திறக்கும்போது வாசலில் நிற்கவேண்டும் என்பது அவர் சட்டம். உள்ளே போனதும் எல்லோரும் முதல் பாத்தியிலேயே நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தோட்டத்தின் கடைசி மூலைக்குப் போய்விடுவோம். அங்கிருந்து வாசலை நோக்கிப் பார்த்துக்கொண்டே வருவோம். முதல் ஒன்றரை மணி நேரம் தோட்டம் எங்களுடையது. கூட்டம் எதிரே வரும்போது நாங்கள் பாதிக்கு மேல் முடித்திருப்போம்.

பூக்களும் கடிகாரம் பார்க்கும். பகலில் மலரும் அல்லி காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளத்துப் பக்கம் போனால் மொட்டுகள்தான். இரவு அல்லி அதற்கு நேர் எதிர். அமேசான் ராட்சத அல்லி அந்தி சாயும்போது வெள்ளையாக விரிந்து, வண்டுகளை உள்ளே வைத்து மூடி, மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறக்கும். டூலிப் வெயிலின் சூட்டுக்கு விரியும், குளிர்ந்தால் கூம்பும். அதிகாலையில் போய் "இன்னும் பூக்கவே இல்லையே" என்று நொந்துகொள்ள வேண்டாம், பத்து மணி வரை பொறுங்கள். ரோஜாவுக்கு வாசனை காலையில். உச்சிவெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும்.

சுமத்ரா தீவின் பிணமலர், அழுகிய இறைச்சி மாதிரி நாறும் ராட்சதப் பூ, இன்னும் கறார். 1878-இல் ஒடோஆர்டோ பெக்காரி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் அதைக் கண்டறிந்தார். தோட்டத்தில் வளர்த்து அது முதலில் பூத்தது 1889-இல், லண்டன் கியூ பூங்காவில். வருடக்கணக்கில் கிழங்காகவும் இலையாகவும் காலம் தள்ளிவிட்டு, பூத்தால் ஒன்றிரண்டு நாள்தான். அந்த அழுகல் நாற்றம் முதல் இரவில்தான் தூக்கலாக இருக்கும். பக்கத்தில் எங்காவது மொட்டு விட்டிருப்பதாகச் செய்தி வந்தால் "வார இறுதியில் போகலாம்" என்று இருக்காதீர்கள். நாங்கள் அப்படி இருந்து, கீழே சாய்ந்த ஒரு தண்டைப் பார்த்துவிட்டு வந்தோம். அத்தை மட்டும் மூக்கை நெருக்கி வைத்து, "கொஞ்சம் வருது" என்றார். எனக்கு வரவில்லை.

படம் எடுக்க மேகமூட்டம்தான் நல்லது. நேர்வெயிலில் இதழ் வெளுத்து, அடியில் நிழல் கறுத்து, பாதி விவரம் போய்விடும். அடர்ந்த சிவப்பு போன் கேமராவில் தீப்பிடித்த மாதிரி ஒரே பட்டையாகத் தெரிந்தால் வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள், இதழின் மடிப்புகள் தெரிய ஆரம்பிக்கும்.

பெயர்ப்பலகை

பூவைப் படம் எடுக்குமுன் பலகையை ஒரு படம் எடுங்கள். இந்த ஒன்றை மட்டும் நான் வற்புறுத்திச் சொல்வேன். வீட்டுக்கு வந்து 300 படங்களோடு உட்கார்ந்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது.

பலகையைப் படிப்பதும் எளிது. சாய்வெழுத்தில் முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். அதன் பிறகு ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருந்தால் அது மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம். நடுவில் பெருக்கல் குறி இருந்தால் கலப்பினம். வாங்குகிறவர்களுக்கு அந்த ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் பெயர்தான் முக்கியம். 'சிவப்பு டாலியா' என்று கேட்டால் ஏதோ ஒரு சிவப்பு டாலியா கைக்கு வரும்.

விற்பனை அரங்கில் முழுதாகப் பூத்த செடியை எடுக்காதீர்கள். அது கண்காட்சி நாளுக்காகவே ஊட்டி வளர்த்தது, வீட்டுக்கு வந்ததும் சோர்ந்துவிடும். மொட்டு நிறைய, பூ ஒன்றிரண்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பாருங்கள். வேர் வெளியே சுருண்டு தொங்கினால் அது அந்தத் தொட்டிக்குள் நீண்ட நாளாக அடைபட்டிருக்கிறது. விற்பவரிடம் "இது பூக்காத மாதங்களில் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசுவார்.

எல்லை தாண்டி வந்திருந்தால் இன்னொரு சங்கதி. பெரும்பாலான நாடுகளுக்குள் செடி, கிழங்கு, விதை கொண்டுபோகத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆர்க்கிட் இனங்கள் முழுவதும், கள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவை, தனி அனுமதி கேட்கும். விமான நிலையக் குப்பைத்தொட்டியில் செடியைப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, ஊரில் தேடிக்கொள்கிறேன்.

இரவு ஒளிக்காட்சி

குளிர் நாடுகளில் பூங்காக்கள் ஒளிக்காட்சி வைப்பது பெரும்பாலும் பூவே இல்லாத மாதங்களில்தான். கியூ பூங்காவின் கிறிஸ்துமஸ் ஒளிப்பாதை 2013-இல் தொடங்கியது. பூ இல்லாத தோட்டத்துக்கும் ஆள் வரவேண்டும், வருமானம் வேண்டும். ஜப்பானின் ஆஷிகாகா பூங்கா மாதிரிச் சில இடங்கள் விதிவிலக்கு. அங்கே ஏப்ரல் கடைசியில் பூத்துத் தொங்கும் விஸ்டீரியா கொடியின் பூச்சரங்களுக்கே விளக்கு போடுவார்கள்.

இந்தக் காட்சிகளுக்கு நேரம் குறித்த சீட்டுதான் வழக்கம். எல்லோரும் முழு இருட்டில் நுழையும் சீட்டை எடுப்பார்கள். நீங்கள் சூரியன் மறையும் நேரத்துச் சீட்டை எடுங்கள். மறைந்து 20 நிமிடத்திலிருந்து சுமார் 40 நிமிடம் வரை வானம் கருநீலமாக இருக்கும். மரத்தின் உருவமும் தெரியும், விளக்கும் தெரியும். முழுக்க இருட்டினால் அந்தரத்தில் தொங்கும் புள்ளிகள்தான். சூரியன் மறையும் நேரத்தில் கூட்டமும் குறைவு.

பாதை பெரும்பாலும் ஒருவழி. திரும்பி வரமுடியாது, ஆகவே கழிப்பறை வேலையை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், உள்பையில் வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது எதிரே நிற்பவர் முதுகைத் தவிர எதையும் காட்டாது. படத்தில் கறுப்புக் கோடுகள் விழுந்தால் அது எல்.இ.டி. துடிப்பு, ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் போய்விடும். மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால் குடையோடு கட்டாயம் போங்கள். ஈரத் தரை முழுக்க விளக்கு இரட்டிப்பாகக் கிடக்கும்.

சிங்கப்பூர் கார்டன்ஸ் பை த பேயில் 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள 18 செயற்கை மரங்கள் இருக்கின்றன, உடம்பெல்லாம் உண்மையான செடி படர்ந்தவை. இரவில் அவற்றில் நடக்கும் ஒளி நிகழ்ச்சியைத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் முறை. கழுத்து வலி இல்லை, யார் தலையும் மறைக்காது.

என் ரசனையைச் சொல்லவேண்டும் என்றால், பிளாஸ்டிக் மானும் மினுக்கும் மயிலும் எனக்கு ஆகாது. இலை உதிர்ந்த ஒரு கிழட்டு மரத்துக்கு அடியிலிருந்து ஒரே ஒரு வெள்ளை விளக்கு போட்டால், பகலில் கவனிக்காத கிளைப் பின்னல் எல்லாம் எழுந்து வரும். அப்படி ஒரு மரத்தைத் தேடிப் பிடித்து அங்கே நில்லுங்கள். மரத்தில் பறவைகள் அடைந்திருக்கும், விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சிகள் வரும். அவற்றுக்கு இந்தத் திருவிழா இல்லாமலே இருந்திருக்கலாம். டார்ச் அடித்துப் புதருக்குள் துழாவாமல் இருப்பது நம்மால் ஆனது.

முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடாதீர்கள். எல்லோரும் ஓடுவார்கள், எல்லோரும் அங்கே அரை மணி நிற்பார்கள். நாங்கள் வாசல் அருகே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். போன முறை அப்படி உட்கார்ந்திருந்தபோது அத்தை முழங்காலை நீவிக்கொண்டே கேட்டார், "அந்த நீல விளக்குக்குப் பக்கத்துல ஒரு செடி வாசனையா இருந்துச்சே, பேர் எடுத்தியா?" நான் விளக்கை எடுத்திருந்தேன்.