காதலர் தீவுக்கு நடந்து போகும் முன்

யாங்கோனிலிருந்து கூட்டாளிகள் பஸ் பிடித்து ங்வேசௌங் போனால், கடற்கரையின் தென்பக்கம் உள்ள காதலர் தீவை மிதிக்காமல் திரும்புவது அபூர்வம். கடல் வற்றியிருந்தால் மணலில் நடந்தே போகலாம். ஏறிவிட்டால் நீச்சல்தான்.

தவறு நாள் குறிக்கும்போதே ஆரம்பித்துவிடும். பர்மாவில் தடிஞ்யுட், தசௌங்மோன், தபௌங் என்று பல விடுமுறைகள் பௌர்ணமியில்தான் வரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக அதிகமாக வற்றும், மிக அதிகமாக ஏறவும் செய்யும். வழி அகலமாகக் கிடக்கிறதே என்று நிதானமாகப் போகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். சரி, அஷ்டமி நவமியில் போகலாமா? பெரியவர்கள் ஆகாது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர்கள் கட்சி. பாதி நிலா நாட்களையொட்டி ஏற்றமும் வற்றமும் குறைவு, வழி சரியாகத் திறக்காமலே போகலாம். சுவரில் தொங்கும் காலண்டரிலேயே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

“போன வாரம் போனவன் பத்து மணிக்கு நடந்தானாம்” என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை பத்து மணி என்றால் ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலைத் தாண்டிவிடும். போனில் பார்ப்பவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதோடு ஆறரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். இன்னொன்று, பத்தெயின் என்று தேடுவது. அந்த ஊர் ஆற்றின் மேலே உள்ளே தள்ளி இருக்கிறது. கடற்கரையில் ஏறிய தண்ணீர் அங்கே போய்ச் சேர நேரமாகும், அந்தக் கணக்கு தீவுக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, தண்ணீர் ஒரே சீராக ஏறும் என்று நினைப்பது. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, அப்புறம் 3, மறுபடி 3, பிறகு 2, 1. ஏற்றம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்கு வழியின் தாழ்வான இடம் அப்போதுதான் வெளியே தெரிகிறது. பதினொன்றுக்கு அங்கே 20 சென்டிமீட்டர், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டுக்கு 60, முட்டியைத் தாண்டியாயிற்று. ஒரு மணிக்கு 120, குட்டையானவர்களுக்கு மார்பு நனையும். முதல் ஒரு மணி நேரம் காட்டும் சாதுவான முகத்தைப் பார்த்துத்தான் “இன்னும் ஒரு போட்டோ மச்சான்” என்ற குரல் வரும். அந்தத் தாழ்வான இடம் பெரும்பாலும் வழியின் நடுவில் இருக்கும். தீவின் ஓரத்தில் மணல் காய்ந்து கிடக்கும்போதே நடுவில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் கைகோத்துவிடும்.

அதனால் கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய், வற்றம் முடியும் நேரத்தில் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும். கிளம்பச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்கே இருக்கட்டும், தலைகளை எண்ணுவதும் அவர் வேலை. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் காலைக் கிழிக்கும், வார் வைத்த செருப்பு போடுங்கள். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலக் கடல், அப்போது இந்தப் பேச்சே வேண்டாம்.

மாட்டிக்கொண்டால்? முட்டிக்கு மேல் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள், உயரமான பாறையில் எல்லாரும் ஒரே இடத்தில் இருங்கள். காலை பத்து மணி வற்றத்தைத் தவறவிட்டால் அடுத்தது இரவு பத்தரைக்குத்தான், இருட்டில் நடக்க முடியாது. விடுதிக்குப் போன் செய்து படகு கேட்பதுதான் வழி. அதற்காகவாவது எல்லாப் போனையும் ஒரே பையில் கட்டிக் கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.