‘6 மணி நேரம் போதும், பழகிவிட்டது’

தூக்க விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளிலேயே மோசமானது எது என்று கேட்டால், தலைப்பில் இருக்கும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன். நானும் பல வருடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான்.

2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழுவினரை 14 நாள், இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். திரையில் எண் தெரிந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும், அதுதான் சோதனை. இரண்டு வார முடிவில் அவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கக் கண் மூடாதவரின் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால், ‘கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்’ என்கிற மாதிரிதான் பதில். அசதி சில நாளில் ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. கவனம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகிறது. பழகிப்போவது தூக்கக் குறைவு அல்ல, அதை உணராமல் இருப்பது.

அடுத்தது கணக்குத் தவறு. 8 மணி நேரத்தில் 2 மணி நேரம் குறைந்தால் கால்வாசிதானே நஷ்டம்? அப்படியில்லை, ஏனென்றால் தூக்கம் இரவு முழுக்க ஒரே சரக்கு அல்ல. முதலில் கூப்பிட்டால் ‘நான் தூங்கவே இல்லையே’ என்று சொல்லவைக்கும் கோழித்தூக்கம். பிறகு கொஞ்சம் அழுத்தமான இரண்டாம் நிலை. இரவில் பாதி இதிலேயே போகிறது. அப்புறம் ஆழ்ந்த உறக்கம்: மூளையின் அலைகள் பெரிதாகி மெதுவாகும், வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும். கடைசியில் ரெம் (REM) உறக்கம், அதாவது விழிகள் வேகமாக அசையும் உறக்கம். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகுக்குச் சொன்னது இதைத்தான். விடியற்காலையில் தூங்குகிற ஒருவரின் இமைகளைப் பாருங்கள். அடியில் விழிகள் அங்குமிங்கும் ஓடும். பெரும்பாலான கனவுகள் அப்போதுதான். கனவில் எழுந்து ஓடிவிடாதபடி கைகால் தசைகளை மூளை கட்டிப்போட்டிருக்கும்.

இந்த நிலைகள் இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். ஆழ்ந்த உறக்கம் முன்னிரவில் அதிகம், ரெம் விடியலை ஒட்டி அதிகம். ஆகவே அலாரம் வைத்து வெட்டும் அந்தக் கடைசி 2 மணி நேரத்தில், இரவின் ரெம் உறக்கத்தில் கால்வாசிக்கும் மேலேயே போய்விடுகிறது.

மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பார்கள். சீக்கிரம் வரும், உண்மைதான். முன்னிரவில் ரெம்மை அமுக்கி, பின்னிரவில் அடிக்கடி விழிக்க வைக்கும்.

காபியும் இப்படித்தான். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்கிற வேதிப்பொருள் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கிறது. காஃபின் அதை அகற்றுவதில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. ‘காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும்’ என்பவருக்கும் ஆழ்ந்த உறக்கம் குறையலாம்.

விடுமுறை நாளில் மதியம் வரை தூங்கிக் கடனை அடைப்பது? கொஞ்சம் அடையும். ஆனால் உடல் கடிகாரம் தள்ளிப்போய், அன்றிரவு தூக்கம் வராமல் புரள வேண்டியதுதான்.

வண்டி ஓட்டும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளிப்பது உயிரோடு விளையாடுவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் அயர்ந்தால், வண்டி 50 மீட்டர் யாரும் ஓட்டாமலே போயிருக்கும். ஓரங்கட்டி 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆழ்ந்த உறக்கத்தில் இறங்கிவிட்டால், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் தலை மந்தமாகவே இருக்கும்.

சரி, 8 மணி நேரம் படுத்தும் பகலெல்லாம் தூங்கி வழிகிறீர்களா? குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.