புழல் சிறையின் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு: எந்தத் தாள் எங்கே கிடைக்கும்

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பழைய வழக்குத் தீர்ப்புகளில் 'சென்னை மத்திய சிறை' என்று வந்தால் அது புழல் அல்ல. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அருகே 1837-ல் கட்டியது. 1976-ல், நெருக்கடி நிலையின்போது, மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிபட்டவர்களை அடைத்ததும் அங்கேதான். கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள், பழைய கட்டடம் 2009-ல் இடிபட்டது. அடிக்கல், திறப்பு, கைதிகளை மாற்றியது ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் தேதி உண்டு. மூன்றையும் 'ஆரம்பித்த வருடம்' என்று ஒன்றாக்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அடுத்தது நிலம். ஏரிக்கரைக் கிராமத்தில் சிறை வந்த கதை இதில்தான் இருக்கிறது, அதனால் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் (ஊரின் நிலங்களை சர்வே எண் வாரியாகப் பதிந்த ஏடு) சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பழைய பதிவேட்டைத் தேடுங்கள். இங்கேதான் பலர் அலைகிறார்கள், ஏனென்றால் புழல், மாவட்டம் மாறிக்கொண்டே வந்த ஊர். 1997-க்கு முன் செங்கல்பட்டு, பிறகு திருவள்ளூர், 2018 முதல் சென்னை. நடுவில் 2011-ல் மாநகராட்சியோடும் இணைந்தது. எந்த ஆண்டுத் தாள் வேண்டுமோ அந்த ஆண்டின் மாவட்டத்தை மனுவில் எழுதுங்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றுமே இல்லை என்றால் கலங்க வேண்டாம். புறம்போக்கு நிலம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாறினால் பத்திரப் பதிவே இராது, அரசாணைதான் இருக்கும். பட்டா நிலமென்றால் 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 4(1) அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் முதல் அறிவிப்பு, அரசிதழில் வந்திருக்கும். யாருடைய வயல் போனது என்பதை அந்த அறிவிக்கைதான் பெயரோடு சொல்லும். அதை விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறுதான்.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 'ஏன் புழலைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது, தாளைக் கேளுங்கள்: 'புழல் சிறைக்கு நிலம் ஒதுக்கிய அரசாணையின் நகல், அதன் கோப்புக் குறிப்புகள்.' பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சம்பவம் நடந்து 20 ஆண்டு கடந்துவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3)-ஐ மனுவிலேயே எழுதுங்கள், பெரும்பாலான மறுப்புக் காரணங்கள் அதன் முன் நிற்காது. 'கோப்பு அழிக்கப்பட்டது' என்று பதில் வந்தால் அழித்ததைப் பதிந்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் உரிமை உண்டு, முதல் மணி நேரம் இலவசம். சுவர், கோபுரம், உள்வரைபடம் மட்டும் கேட்காதீர்கள். பாதுகாப்பைச் சொல்லி மறுப்பார்கள், மற்ற கேள்விகளும் அதோடு சேர்ந்து தேங்கும்.

பழைய சிறையைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகம். 19-ஆம் நூற்றாண்டுத் தாள்களை உள்துறையில் தேடினால் கிடைக்காது, 'ஜுடிஷியல்' (நீதி) துறையின் ஆண்டு அட்டவணையைக் கேளுங்கள்.

சிலர் இதே முறையில் அமெரிக்கத் தனியார் சிறையின் வரலாற்றையும் எழுத முயல்கிறார்கள். அங்கே கதவு வேறு. நம்மூரில் சிறை மாநிலப் பட்டியலின் 4-ஆவது இனம், அரசே நடத்துவது. அதனால்தான் மனு போட முடிகிறது. 1983-ல் டென்னசியில் தொடங்கிய சிசிஏ (கரெக்ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா, இப்போது கோர்சிவிக்) போன்ற தனியார் சிறைக் கம்பெனிகளை அமெரிக்கக் கூட்டரசின் தகவல் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. கம்பெனியைக் கேட்பதை விட்டுவிட்டு, அதோடு ஒப்பந்தம் போட்ட அரசு அலுவலகத்திடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ஒரு கைதிக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு, காலிப் படுக்கைக்கும் பணம் உண்டா என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள்.

கடைசியில் ஆட்கள். ஓய்வுபெற்ற வார்டர்களிடமும், 'மனு பார்க்க', அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வாசலில் காத்திருந்த குடும்பங்களிடமும் கேளுங்கள். வழக்கு முடியாதவர் பெயரை எழுதாதீர்கள். சொன்னவர் ஆண்டை மறந்திருந்தால், எந்தத் தேர்தல், எந்த வெள்ளம் என்று கேட்டுப் பாருங்கள், ஆண்டு பிடிபடும்.